மலையில் படித்தது கீழே செல்லுமா?

சேலத்தில், ஜி.என்.எம். என்னும் நர்சிங் டிப்ளமோவின் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் முதல் செய்முறை வகுப்பு எப்போதும் கை கழுவுவதுதான். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒன்று விடாமல் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து முடிக்க 40 முதல் 60 விநாடி ஆகும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இந்த வருடம் கடைசி வரிசையில் நின்ற ஒரு பெண், நான் செய்து காட்டும் முன்பே வளையலைக் கழற்றிப் பையில் போட்டு, முழங்கையால் குழாயைத் திறந்து, ஒரு படிகூடத் தவறாமல் கழுவி முடித்துவிட்டு, ஈரக் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றாள். நன்றாகப் பழகிய கை. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ப்ளஸ் ஒன்லயே பண்ணிட்டோமுங்க மேடம். நர்சிங் குரூப்பு."

ஏற்காடு தாண்டி நாகலூர்ப் பக்கத்துப் பெண். படுக்கை விரிக்கத் தெரியும், நாடித்துடிப்பு எண்ணத் தெரியும், ரத்த அழுத்தம் பார்க்கத் தெரியும், மூச்சை எண்ணும்போது நோயாளிக்குச் சொல்லாமல் எண்ண வேண்டும் என்பதுகூடத் தெரியும். இரண்டு வருடம் படித்திருக்கிறாள், பொதுத்தேர்வும் எழுதியிருக்கிறாள். "சரிம்மா, போய் வரிசையில நில்லு" என்றேன். அவளும் போய் நின்றாள். அடுத்த சில வாரங்கள், தெரிந்ததையே தெரியாதவர்களோடு சேர்ந்து மறுபடி கற்றுக்கொண்டிருந்தாள். அதற்கும் சேர்த்துத்தான் அவள் அப்பா கட்டணம் கட்டியிருக்கிறார், எஸ்டேட் கூலியில்.

இது ஒரு பெண்ணின் கதை இல்லை, வருடா வருடம் இப்படி இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். ஆனால் அன்று அந்த ஈரக் கை என்னை விடவில்லை. பள்ளியில் மருத்துவத் தொழில் சார்ந்து ஒரு பிள்ளை படிப்பதைக் கல்லூரி ஏன் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வைக்க என்ன செய்ய வேண்டும் என்று சில மாதங்களாக நானும் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் தொழிற்கல்வி எடுக்கும் சார் ஒருவரும் சேர்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

இந்த யோசனைக்கு விதை போட்டது என் அக்கா மகள். டெக்சாஸில் ஹைஸ்கூல் படிக்கிறாள். போன வருடம் போனில் பேசும்போது, பள்ளியிலேயே மருத்துவச் சொற்கள் பற்றி ஒரு பாடம் எடுத்ததாகவும் அதற்கு அவள் ஊர் கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். கிரெடிட் என்பது இத்தனை மணி நேரம் படித்ததற்குக் கல்லூரி கணக்கில் ஏற்றும் புள்ளி, அது எனக்குத் தெரியும், ஆனால் 11-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு அது எப்படி என்று புரியவில்லை. விசாரித்தால், அங்கே அது பல வருடமாக இருக்கும் ஏற்பாடு. ஒரே பாடம், ஒரே தேர்வு, மதிப்பெண் மட்டும் இரண்டு இடத்தில் ஏறும்: பள்ளி மதிப்பெண் பட்டியலிலும், அந்தக் கல்லூரியின் பட்டியலிலும். இதை டூயல் கிரெடிட் என்கிறார்கள். இன்னொரு வகையும் உண்டு. பள்ளியும் கல்லூரியும் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும், பிள்ளை பிறகு அதே கல்லூரியில் சேர்ந்தால்தான் அந்த கிரெடிட் கைக்கு வரும், வேறு கல்லூரிக்குப் போனால் அவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு. இரண்டாவது வகை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாதிப் பிள்ளைகளுக்கு அது காகிதத்தோடு நின்றுவிடும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் செய்வதானால் முதல் வகையைத்தான் செய்ய வேண்டும்.

அவள் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. அங்கே முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் நர்ஸ் எய்ட், அதாவது நர்ஸுக்கு உதவியாளர், பயிற்சியையும் பல பள்ளிகள் கொடுக்கின்றன. 1987-ல் வந்த மத்தியச் சட்டப்படி அந்தப் பயிற்சி குறைந்தது 75 மணி நேரம், சில மாநிலங்களில் அதைவிடக் கூடுதல். அதில் 16 மணி நேரம், ஒரு முதியவரைத் தொடும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த 16 மணி நேரத்தில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது: எப்படிப் பேசுவது, தொற்று பரவாமல் எப்படித் தடுப்பது, தொண்டையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது, அவராகச் செய்துகொள்ளக்கூடியதை அவரையே செய்யவிடுவது, அப்புறம் அவருடைய உரிமைகளை மதிப்பது. படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டிக்கு உரிமை உண்டு என்பதை, அவர் கையைப் பிடிக்கும் முன்பே ஒரு 16 வயதுப் பிள்ளை படித்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இருபது வருடமாக வார்டில் நிற்கிற எனக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அமெரிக்காவில் எல்லாமே ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அங்கும் ஏழைப் பள்ளிகளுக்கு இந்த வசதி கடைசியில்தான் போய்ச் சேர்கிறது. அதனால்தான் 2024 ஜனவரியில் ப்ளூம்பெர்க் அறக்கட்டளை 25 கோடி டாலர் ஒதுக்கி, 10 ஊர்களில் பள்ளியையும் மருத்துவமனையையும் நேரடியாகச் சேர்த்து வைக்கும் திட்டத்தை அறிவித்தது. டெக்சாஸில் ஹூஸ்டனும் அதில் ஒன்று, அங்கே ஆல்டின் பள்ளி மாவட்டமும் மெமோரியல் ஹெர்மன் மருத்துவமனையும் சேர்ந்து நடத்துகின்றன. நமக்கு அவ்வளவு பணம் வராது. ஆனால் அடுப்புக்கு மூன்று கல் வேண்டும் என்பது மட்டும் அங்கும் இங்கும் ஒன்றுதான். பள்ளி ஒரு கல், மருத்துவமனை ஒரு கல், கல்லூரி ஒரு கல். தமிழ்நாட்டில் 1978-ல் ப்ளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தே வந்தது. பள்ளி சொல்லிக் கொடுத்தது, அரசு மருத்துவமனைகள் நர்சிங் பிரிவுப் பிள்ளைகளை வார்டுக்குள் விட்டன. இரண்டு கல் இத்தனை வருடமாக இருக்கின்றன. பாடத்தை எழுதும்போது கல்லூரியைக் கூப்பிட்டு உட்கார வைக்காததுதான் குறை என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் பள்ளியில் படித்தது என்னவென்று கல்லூரிக்குத் தெரியாது, தெரியாததை எப்படி ஏற்றுக்கொள்ளும்?

ஏற்காட்டு சாரை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ப் பார்த்தேன். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன தாள்களை விரித்து, கிரெடிட் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டவர், "அதெல்லாம் சரிங்க மேடம், முதல்ல காபிக் கணக்கைப் பாருங்க" என்றார். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் இங்கே காபிப் பழம் பறிக்கும் காலம், அதை ஒட்டியே மிளகும் வந்துவிடும், அந்த மாதங்களில் அம்மாவோடு பிள்ளைகளும் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள், வருகைப் பதிவேட்டைத் திறந்தாலே தெரியும். நான் தாளில் டிசம்பர், ஜனவரி முழுக்க மருத்துவமனைப் பயிற்சி என்று போட்டு வைத்திருந்தேன். கீழே சேலத்தில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். அந்த இடத்திலேயே அடித்துவிட்டோம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் செமஸ்டர் முறையில், கிரெடிட் கணக்கில் இருக்கிறது. ஒரு செமஸ்டர் 20 வாரம். வகுப்பறைப் பாடம் 20 மணி நேரம் என்றால் 1 கிரெடிட், செய்முறைக் கூடத்தில் 40 மணி நேரம் என்றால் 1 கிரெடிட், வார்டில் 80 மணி நேரம் நின்றால்தான் 1 கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட தேசிய கிரெடிட் கட்டமைப்பு வேறு மாதிரி எண்ணுகிறது, எப்படிக் கற்றாலும் 30 மணி நேரத்துக்கு 1 கிரெடிட், வருடத்துக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். அதில் பள்ளிப் படிப்புக்கும் கிரெடிட் உண்டு. ஆக ஒரே வேலைக்கு இரண்டு படி, இரண்டு அளவு.

நாங்கள் போட்டிருக்கும் திட்டம் மொத்தம் 240 மணி நேரம். முதலுதவி 40, மருத்துவச் சொற்களும் நோயாளியோடு பேசும் முறையும் 40, செய்முறைக் கூடம் 80, மருத்துவமனை 80. நர்சிங் கவுன்சில் அளவில் பார்த்தால் 2, 2, 2, 1 என 7 கிரெடிட். தேசியக் கட்டமைப்பு அளவில் 8. இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 120 மணி, 30 வாரம் வைத்துக்கொண்டால் வாரம் 4 மணி நேரம். பள்ளியின் கால அட்டவணையில் இது அடங்கும்.

முதலுதவியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பி.எஸ்சி. முதல் செமஸ்டரில் நர்சிங் அடிப்படைகள் பாடத்தோடு 40 மணி நேர முதலுதவிப் பகுதி ஒன்று சேர்ந்தே இருக்கிறது. பள்ளியிலும் அதே 40 மணி நேரம், அதே தலைப்புகள், அதே கேள்வித்தாள் தரம் என்று வைத்தால், அது வேறு இது வேறு என்று எந்தக் கல்லூரியும் சொல்ல முடியாது. அப்புறம் ஏற்காட்டுப் பிள்ளைக்கு முதலுதவி தெரிவதால் வரும் பயன் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 20 கொண்டை ஊசி வளைவு, சீசன் நேரத்தில் ரோடு முழுக்க வெளியூர் வண்டி, மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுகிறவர்கள், தோட்டத்தில் பாம்பு. 108 வந்து சேரும் வரைக்கும் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான் அங்கே உயிர். பாம்பு கடித்த இடத்தைக் கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கையையோ காலையோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அதுவே பெரிய விஷயம்.

மருத்துவமனைப் பயிற்சிதான் எங்களை ரொம்ப நாள் உட்கார வைத்தது. கவுன்சில் கணக்கு வாரம் 4 மணி நேரம், 20 வாரம். அதாவது 20 சனிக்கிழமை. சேலத்துக்குத்தான் வர வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமைக்கு ஏறி இறங்க 40 வளைவு, 20 சனிக்கிழமைக்கு 800. ஏற்காட்டிலிருந்தே இவ்வளவு. மலைமேலேயே இருக்கும் நாகலூர், வேலூர், மாரமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் ஏற்காட்டுக்கு வந்து சேர வேண்டும், சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்ப வேண்டும். ஆகவே பாதியை மேலேயே, ஏற்காடு அரசு மருத்துவமனையில் வைத்துக்கொள்வது, 10 சனிக்கிழமை, தலா 4 மணி நேரம். மீதியைச் சேலத்தில் ஒரே மூச்சில், விடுதியில் தங்கவைத்து, ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வீதம் 7 நாள். 40-ம் 42-ம் சேர்ந்து 82 மணி, தேவையான 80-க்குக் குறையவில்லை.

எந்த 7 நாள்? காபி மாதங்கள் கூடாது. மே மாதம் கோடை விழாக் கூட்டம், பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, சேலத்தில் எந்த வீட்டிலும் யாரும் வேறு வேலை பார்க்க மாட்டார்கள், விடுதிச் சமையல்காரர் உட்பட. மார்ச்சில் பொதுத்தேர்வு. கடைசியில் காலாண்டு விடுமுறைதான் மிஞ்சியது. அதையும் ப்ளஸ் ஒன்னில் வைக்க முடியாது என்று பிறகுதான் உறைத்தது. வார்டுக்குப் போகிற பிள்ளைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும், முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பரில்தான் முடியும். ஆக ப்ளஸ் ஒன் முழுக்க வகுப்பும் செய்முறைக் கூடமும், ப்ளஸ் டூவில் ஜூனிலிருந்து சனிக்கிழமைகள், காலாண்டு விடுமுறையில் சேலம். அதற்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 17 வயதும் நெருங்கிவிடும். ஒரு தடுப்பூசிதான் இரண்டு வருட அட்டவணையை முடிவு செய்தது.

வார்டில் என்ன செய்யக் கூடாது என்பதையும் எழுதியிருக்கிறோம், அதுதான் முதல் பக்கத்தில் இருக்கும். ஊசி போடக் கூடாது. டிரிப்ஸைத் தொடக் கூடாது. மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் சுறுசுறுப்பான பிள்ளை கையில் எல்லா வேலையும் வந்து சேரும், இது எனக்கு அனுபவத்தில் தெரியும், அதனால் வார்டு சிஸ்டருக்கும் அந்தப் பக்கத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. வெப்பம், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்ப்பது. அழுத்தம் பார்க்கும் முன் 5 நிமிடம் உட்கார வைப்பது, கையை நெஞ்சு மட்டத்தில் வைப்பது, படியேறி வந்த பாட்டிக்கு உடனே பட்டையைக் கட்டிவிட்டு பிரஷர் கூடுதல் என்று பயமுறுத்தாமல் இருப்பது. குப்பையை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனப் பிரித்துப் போடுவது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது. பிறகு, இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களிலிருந்து வரும் பெரியவர்களிடம் அவர்கள் பேசுகிற மாதிரியே பேசி, என்ன சாப்பிட்டார்கள், எத்தனை நாளாக வலி என்று கேட்டு எழுதுவது. இதில் அந்தப் பிள்ளைகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

லாக் புக்கில், அதாவது பிள்ளையின் பயிற்சிப் பதிவேட்டில், மூன்று கட்டம் போதும் என்று முடிவு செய்தோம்: பார்த்தேன், உதவினேன், நானே செய்தேன். ஒவ்வொன்றுக்கும் தேதி, வார்டு, சிஸ்டர் கையெழுத்து. இதுதான் கல்லூரி முன் வைக்கப்போகும் சாட்சி. மதிப்பெண்ணை மட்டும் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள், 100-க்கு 95 வாங்கிய பிள்ளைகள் வருடா வருடம் வருகிறார்கள். "நானே செய்தேன்" கட்டத்தில் 50 ரத்த அழுத்தம் கையெழுத்தோடு இருந்தால் கதை வேறு. செய்முறைத் தேர்வுக்குக் கல்லூரியிலிருந்து ஒருவர் மேலே போய்ப் பாதி மதிப்பெண் போட வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம்.

யார் சொல்லிக் கொடுப்பது என்பது இன்னும் தீராத கேள்வி. அமெரிக்க முறையில் கல்லூரி ஒப்புக்கொண்ட ஆசிரியர்தான் அந்தப் பாடத்தை எடுக்க முடியும், நோயாளியோடு செய்யும் பகுதிக்குப் பதிவு பெற்ற நர்ஸ் வேண்டும். இங்கே நான் பார்த்த பள்ளிகளில் நர்சிங் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது, சில வருடத்தில் குரூப்பையே மூடிவிடுகிறார்கள். கல்லூரியிலிருந்து ஒரு டியூட்டர் வாரம் ஒரு நாள் மேலே போகலாம், நான் போகத் தயார். ஆனால் வாரத்தில் மற்ற நாட்கள் பிள்ளையைத் தெரிந்த ஆசிரியர் பள்ளியிலேயே இருந்தாக வேண்டும். இந்த இடத்தில் அரசு மனசு வைக்காமல் ஒன்றும் நடக்காது, சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

இப்போது நண்பர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். நர்சிங் கவுன்சில் வகுத்த மணி நேரத்தை ஒரு கல்லூரி தானாகக் குறைக்க முடியாதே, பிறகு எப்படி? உண்மைதான். அதனால்தான் கல்லூரிக்குக் கை கட்டாத இடத்தில் ஆரம்பிக்கலாம் என்கிறேன். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன, அங்கே இந்த 7 கிரெடிட்டை மதிப்புக்கூட்டுப் பாடமாக, அதாவது கூடுதல் பாடமாக, ஏற்பது அவர்கள் கையில் இருக்கிறது. 2021-லிருந்து அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கும் இருக்கிறது. அதே வருட விதிப்படி ஒரு படிப்பில் ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடங்களாக இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்ததற்குக் கணக்கு உண்டு என்றால், 82 மணி நேரம் வார்டில் நின்றதற்கும் கணக்கு இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. லேப், டயாலிசிஸ், எக்ஸ்ரே போன்ற துறைகளுக்கு 2021-ல் தனிச் சட்டம் வந்தது, டெக்னீஷியன் வேலைக்கான டிப்ளமோவோ பட்டமோ 2000 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று. அந்தத் துறைகளின் பாடத்திட்டங்கள் புதிதாக வகுக்கப்படும் காலம் இது, சிலவற்றுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. வகுத்து முடித்த பிறகு போய் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள், இப்போதே கேட்க வேண்டும்.

எதிர்ப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் மூத்த பேராசிரியர் ஒருவர், நான் மதிக்கிறவர், "பழங்குடிப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் 15 வயசுலயே ஆஸ்பத்திரி வேலைக்குத் தள்ளுறியாம்மா? டாக்டர் ஆகணும்னு நினைக்கிற பிள்ளையைக்கூட இதுலேயே நிறுத்திடுவாங்க" என்று கேட்டார். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது, வரவும் வேண்டும். 1953-ல் அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி மக்கள் எதிர்த்தார்கள், அடுத்த வருடமே அது கைவிடப்பட்டது. அந்த ராஜாஜி நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். என் தாத்தா அம்மாபேட்டையில் தறி நெய்தவர், என் அப்பாவும் தறிதான், மூன்றாவது தலைமுறையில் நான் தறியை விட்டு வெளியே வந்தது முழு நேரப் பள்ளி இருந்ததால்தான். அதனால் பேராசிரியரின் பயம் எனக்கு அந்நியமில்லை.

அவருக்கு நான் சொன்ன பதில் இது. மேலே போக வழி இல்லாத தொழிற்கல்வி இன்றைக்கே இருக்கிறது, அதில்தான் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். இயற்பியல், வேதியியல் இல்லாத குரூப்பை எடுத்துவிட்டு, பி.எஸ்சி. நர்சிங்குக்கு அந்த இரண்டும் உயிரியலும் வேண்டும் என்று ப்ளஸ் டூ முடித்த பிறகு தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் திட்டத்தில் அறிவியல் குரூப் எடுக்கும் பிள்ளைக்கும் இந்த 240 மணி நேரம் திறந்திருக்கும், குரூப்பை மாற்றத் தேவையில்லை. நீட் எழுதுகிறவள் எழுதட்டும், அவளுக்கும் ரத்த அழுத்தம் பார்க்கத் தெரிந்தால் நல்லதுதானே. கிரெடிட் என்பது கல்லூரி வரை கொண்டுபோகிற சீட்டு. கல்லூரிக்குப் போகாமல் அதை எங்கும் மாற்ற முடியாது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்ததே. அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார், பக்கம் பக்கமாகப் பென்சிலில் குறித்துத் திருப்பிக் கொடுத்தார், அதில் பாதியை ஏற்றுக்கொண்டோம்.

எனக்கு இதில் இருக்கும் அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிவதாபுரம் பக்கத்தில் கொலுசுப் பட்டறைக் கூலிக்குப் போகும் ஓர் அம்மாவின் மகள். ப்ளஸ் டூ முடித்ததும் ஓர் இடத்தில் ஒரு வருட டிப்ளமோ நர்சிங் என்று போர்டைப் பார்த்துச் சேர்ந்தாள். வெள்ளை யூனிபார்ம், பட்டமளிப்பு விழா, போட்டோ எல்லாம் உண்டு. முடித்துவிட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய என்னிடம் விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லி வந்தாள். அந்தப் படிப்புக்குப் பதிவே கிடையாது என்பதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மா என் வீட்டுத் திண்ணையில் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அந்தப் பெண் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை செய்கிறாள், நர்ஸ் சம்பளம் கிடையாது. ஐந்து ரோட்டிலும் சாரதா கல்லூரிச் சாலையிலும் இத்தனை மருத்துவமனை இருக்கிற ஊரில் இப்படிப்பட்ட போர்டுகளுக்கும் குறைவில்லை. பள்ளியிலேயே, கல்லூரியின் முத்திரையோடு, எது செல்லும் எது செல்லாது என்று தெரிந்து படித்த பிள்ளை அந்த போர்டைப் பார்த்தால் முதலில் கேட்கும் கேள்வி, "இதுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் உண்டா?" என்பதாக இருக்கும். பேச்சு முறைப் பாடத்தில் இரண்டு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன், எது கிரெடிட், எது சான்றிதழ், கவுன்சில் பதிவு என்றால் என்ன, எங்கே சரிபார்ப்பது என்று சொல்லிக் கொடுக்க.

இப்போதைக்கு நிலைமை இதுதான். பாடத்திட்டம் 38 பக்கம் தட்டச்சு முடிந்தது. ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பேசியிருக்கிறோம், அவர்கள் கல்விக் குழுவில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியரின் அனுமதியோடு, கிரெடிட் எதுவும் இல்லாமல், பயிற்சிக்காக மட்டும் ஜூனில் மூன்று சனிக்கிழமை மாதிரி வகுப்பு நடத்தப்போகிறோம். முதல் வகுப்பு கை கழுவுவது. அதை நான் எடுக்கப்போவதில்லை, அந்த நாகலூர்ப் பெண்ணைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் தேவைப்படும் சாமான்கள் பட்டியலைக் காட்டினேன். சோப்பு, துண்டு, வாளி, கடிகாரம் என்று எழுதியிருந்தேன். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "மேடம், ஜூன்ல மேல மழையும் பனியுமா இருக்கும், குழாய்த் தண்ணி ஐஸ் மாதிரி வருமுங்க. ஒரு நிமிஷம் பிள்ளைங்க கை வைக்க மாட்டாங்க, சும்மா நனைச்சிட்டு எடுத்துருவாங்க" என்றாள்.

வெந்நீர் போட ஒரு ஹீட்டரும் இரண்டு பெரிய வாளியும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.